பூவரசுக்கு ஒரு சாட்சி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீ சுகமில்லை என்று தெரிந்தே எழுதுவதால், சுகமா என்று கேட்கவில்லை. “பெரியவருக்கு ‘நீங்கள்’னு எழுதலாமே மாமா” என்றாள். என் தங்கையை உனக்குக் கட்டிக்கொடுப்பதற்கு முன்பிருந்தே உன்னை நீ என்றுதான் கூப்பிடுகிறேன், இப்போது திடீரென்று மரியாதை கொடுத்தால் உடம்பு ரொம்ப மோசம் போலிருக்கிறது என்று நீயே பயந்துவிடுவாய் என்று சொல்லித் தடுத்துவிட்டேன்.

தங்கை போனில் அழுதாள். இதயத்தில் அடைப்பு, திறந்து சரிசெய்தால் நன்றாக நடமாடலாம் என்று டாக்டர் சொல்லியும், “வாழ்ந்தது போதும், என்னைக் கிழிக்க வேணாம்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாயாம். போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். வாங்க மாட்டேன் என்றாயாம். சரி, கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது. தங்கை சத்தமாகப் படிப்பாள். நீ கேட்டுத்தான் ஆகவேண்டும்.

புத்தி சொல்ல நான் வரவில்லை. அதற்கு உன் பிள்ளைகள் இருக்கிறார்கள். போன வாரம் நம் தீவுக்குப் போய்வந்தேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டு பேர் என் மகனின் படகை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். ஒருவர் செடிகொடி படித்தவர். இன்னொருவர் கல்லைப் படித்த ஒரு அம்மாள். பழைய ஆள் யாராவது கூட வந்தால் நல்லது என்றார்கள். “பாறையில வழுக்கி விழுந்தா யாருப்பா தூக்குறது?” என்று மகன் முறைத்தான். நான் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிட்டேன். புது எஞ்சின் போட்டிருக்கிறான், சத்தமே இல்லை. அதனால் நான் பேசுவதெல்லாம் அவன் காதில் விழுகிறது, அதுதான் அவனுக்குக் கஷ்டம்.

தீவு அப்படியேதான் இருக்கிறது. வடக்கு முனை தூக்கிக்கொண்டு, தெற்கு சரிந்து, கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி. மணல்தான் இடம் மாறிவிட்டது. மீன்பிடிக்கப் போகும்போது நாம் படகை இழுத்துப் போடும் தெற்குக் கரையில் இப்போது வெறும் கல். மணல் மொத்தமும் சுற்றிக்கொண்டு கிழக்கே போய் நாக்கு நீட்டியதுபோல் கிடக்கிறது. அதன்மேல் அடம்பு படர்ந்து ஒரே ஊதாப் பூ. கடல் நீரோட்டம் மாறினால் மணலும் திரும்பிப் பழைய இடத்துக்கே வரலாமாம், அந்த அம்மாள் சொன்னார். மேற்கே தாழம்புதர் இன்னும் அடர்த்தி. என் வேட்டியைக் கிழித்தது, அதில் ஒரு மாற்றமும் இல்லை. உப்புத்தரையில் உமரிச்செடி சிவந்து கிடக்கிறது.

வடக்குப் பாறை கறுப்பாக இருப்பது இடி விழுந்து கருகியதால் என்றுதானே இருவரும் சொல்லிக்கொண்டிருந்தோம்? இல்லையாம். கடலுக்கு அடியிலிருந்து நெருப்புக்குழம்பாகப் பொங்கி வந்து இறுகிய கல்லாம். அதன் தலையில் தொப்பி வைத்ததுபோல் இருக்கிறதே வெள்ளைக் கல், அது ஒரு காலத்தில் தண்ணீருக்குள் உயிரோடு இருந்த பவளமாம். தீவு கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பியதில் பவளம் வெளியே வந்து செத்துக் கல்லாகிவிட்டதாம். நான் நம்பாமல் பார்ப்பதைக் கண்டு அந்த அம்மாள் சுத்தியலால் ஒரு துண்டு தட்டி என் கையில் வைத்தார். உள்ளே பூப்பூவாக வரி ஓடியது. தலையாட்டிவிட்டேன். நீயும் நானும் ஒரே கட்சியாக இருந்து பேசியது அது ஒன்றுதான். அதிலும் தோற்றோம்.

இனிதான் விஷயம். அந்த வெள்ளைக் கல்லை மழை அரித்து உண்டான பள்ளம், புயலில் மாட்டியபோது நாம் தண்ணீர் குடித்த பள்ளம், அதன் ஓரத்தில் பூவரசு நிற்கிறது. இரண்டு பேர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. தீவில் வேறு மரமே இல்லை.

அது உன் மரம் என்று நீ சொல்லாத நாளில்லை. புயலில் தார்ப்பாய் கட்ட, ஊரிலிருந்து படகில் கொண்டுபோயிருந்த பூவரசங்கொம்பு நாலைப் பச்சையாகவே நட்டோம். மூன்று காய்ந்துவிட்டது, ஒன்று துளிர்த்தது என்று அடுத்த பருவத்தில் நீ தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து குதித்தாய். கடலில் மிதந்துவந்த விதை முளைத்ததற்கு இவர் அப்பனாம் என்று நான் கேலி செய்தேன். படகுத்துறையே உன்னைத் தோட்டக்காரன் என்று கூப்பிட்டது. என் தங்கை கல்யாணப் பந்தலில்கூட நாம் இந்தச் சண்டை போட்டோம்.

செடி படித்தவர் அந்தப் பள்ளத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தார். மழைத்தண்ணீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டுகிற ஒரு செடி அங்கே இருக்கிறது. பூ விரல்நகத்தில் பாதிகூட இராது. நானும் எத்தனையோ தடவை மிதித்திருப்பேன். உலகத்தில் ரொம்பச் சில இடங்களில்தான் அது இருக்கிறதாம். பூவரசு தண்ணீரை உறிஞ்சி, சருகைக் கொட்டிப் பள்ளத்தை மூடுவதால் அது அழிந்துகொண்டிருக்கிறதாம்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார். “பெரியவரே, இந்த மரம் தானா வந்ததா, யாராவது வச்சதா?”

எதற்குக் கேட்கிறார் என்று விசாரித்தேன். தானாக வந்தது என்றால் அது தீவுக்குச் சொந்தம், கைவைக்க மாட்டார்களாம். ஆள் கொண்டுவந்தது என்றால் வெட்டிவிட்டு, பள்ளத்தைச் சின்னச் செடிக்கு விட்டுவிடுவார்களாம். பார்த்து மட்டும் சொல்ல முடியாதா என்றேன். “விதை கடல்ல மிதந்து வரும்தான். ஆனா அலை இவ்வளவு உயரம் ஏறியிருக்கணும். அதைப் பார்த்த ஆள் வேணுமே” என்றார்.

யோசித்துப் பார், மாப்பிள்ளை. நான் காலமெல்லாம் சொன்னதைச் சொன்னால் மரம் பிழைக்கும். நீ சொன்னதைச் சொன்னால் நீ ஜெயிப்பாய், மரம் போய்விடும். அந்தச் சின்னப் பூவையும் பார்த்துவிட்டேன், அதன் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கடைசியில் உள்ளதைச் சொன்னேன். “கொம்பு நட்டது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். துளிர்த்ததைப் பார்த்தவன் என் தங்கச்சி புருஷன். அவன் வந்து சொல்வான்.” எப்போது வருவார் என்று கேட்டார். ஆபரேஷன் முடிந்து, கடல் அடங்கியதும் வருவான் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். அதுவரை மரத்தைத் தொடமாட்டோம் என்றார். “ஆனா யாரும் வரலேன்னா நாங்களே ஒரு முடிவு பண்ணிடுவோம்” என்றும் சொன்னார்.

வந்து நீ எதைச் சொல்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. வழக்கமாக நீ வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். இந்த ஒன்றுதான் பிடிபடவில்லை. மரத்துக்காக விதைதான் என்று என் கட்சிக்கு வருவாயோ, பூவுக்காக நான் வைத்ததுதான் என்று மார்தட்டுவாயோ, உன் இஷ்டம். நான் பக்கத்தில் நின்று வாயே திறக்கமாட்டேன். ஆனால் சொல்ல நீ இருக்கவேண்டும். உனக்குப் பதில் நான் சொன்னால் பொய்யும் சரியாக வராது, உண்மையும் சரியாக வராது.

தங்கை இதைப் படித்து முடித்ததும் திரும்பிப் படு. டாக்டரைக் கூப்பிட்டுச் சம்மதம் என்று சொல். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றும் சொல், அவர் தப்பாக நினைக்கமாட்டார். உன் பிள்ளைகள் உனக்காகக் கேட்கட்டும், தங்கை தனக்காகக் கேட்கட்டும். நான் எனக்காகக் கேட்கிறேன். இந்த வயதில் வேறொருவனைப் பிடித்துச் சண்டைக்குப் பழக்க எனக்குப் பொறுமை இல்லை, மாப்பிள்ளை.

உடம்பு தேறி வந்து சேர்.

இப்படிக்கு,
கரையில் காத்திருக்கும்
உன் மச்சான்