பழுதில்லாத கம்ப்யூட்டர்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நன்றாக இருக்கிறீர்கள் என்று நாங்களாகவே நினைத்துக்கொள்கிறோம், நீ போன் செய்துதான் ஐந்து வாரம் ஆகிறதே. நானும் செய்யவில்லைதான். கம்ப்யூட்டர் கெட்டுப் போனால் அல்லவா உன்னைக் கூப்பிட எனக்கு ஒரு காரணம் கிடைக்கும்? அது இப்போது கெட்டே போவதில்லை. அதுதான் குழப்பம்.

நடந்ததைச் சொல்கிறேன். நம் பூட்டுக் கடையில், யாருக்கு எந்தச் சாவி வெட்டினேன் என்று கம்ப்யூட்டரில் பட்டியல் வைத்திருக்கிறேன் இல்லையா, ஒரு நாள் காலையில் அதைத் திறக்கிற மென்பொருள், காலம் முடிந்துவிட்டது, புதுப்பித்தால்தான் திறப்பேன் என்று அடம் பிடித்தது. ஊரார் பூட்டையெல்லாம் திறக்கிற நான் என் பட்டியலைத் திறக்க முடியாமல் திருதிருவென்று விழித்தேன். வேலை நேரத்தில் உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டாள். எதிர்வரிசை நூலகத்து அம்மாள் வந்து பார்த்தார். ஓப்பன் சோர்ஸ் என்று ஒன்று இருக்கிறதாம், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாமாம், நூலகம் முழுக்க அதுதானாம். அரை மணியில் போட்டுக் கொடுத்தார், பட்டியல் ஒரு வரி குறையாமல் திறந்தது. முதலாளி யார் என்று கேட்டேன், அப்படி ஒருவர் இல்லை என்றார். அதை எழுதிய விதத்தைக்கூட எல்லாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்களாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூட்டின் வயிற்றைப் பிரித்துத் தெருவில் வைத்தால் திருடனுக்குக் கொண்டாட்டம் இல்லையா என்றேன். பார்ப்பவர்கள் அத்தனை பேர் இருக்கும்போது ஓட்டையை எவராவது சொல்லிவிடுவார்கள், உங்கள் பூட்டில் ஓட்டை இருந்தால் கம்பெனிக்காரன் வந்து சொல்வானா என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. ஆனால் சாவியில் ஒட்டும் சீட்டில் கடைசி வரி வெட்டுப்படுகிறது என்று அவர் சொன்னபடி அதை உருவாக்கியவர்களுக்கே எழுதிப் போட்டேன், முன்பின் தெரியாத யாரோ ஒருவர் இரண்டே நாளில் நன்றி சொல்லி, வழியும் சொல்லிப் பதில் எழுதினார். இரண்டே நாளில். உன்னைச் சொல்லிக்காட்டவில்லை. நீயும் உன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார், புதுப்பி புதுப்பி என்று மல்லுக்கு நிற்காது.

முன்பெல்லாம் பழுது என்றால் நீ அங்கிருந்தே இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளே வருவாய், திரையில் அம்புக்குறி தானாக நகரும். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன், அம்மாவும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள். நீ யோசித்தால் அதுவும் நிற்கும். இப்போது அது என் கைக்கு மட்டும்தான் நகர்கிறது. போன வியாழக்கிழமை ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. பிரிண்டர் வயரை நானே பிடுங்கிவிட்டு, அச்சு வரவில்லை என்று உன்னிடம் சொல்லப் போனை எடுத்தேன். அதற்குள் அம்மா, வயர் கழன்று கிடக்கிறதே என்று செருகிவிட்டாள். அச்சும் வந்து தொலைத்தது. நல்ல சாமான் கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, பழையதையே திரும்பப் போடச் சொல்வதா, ஒன்றும் ஓடவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை இல்லை, நானும் அம்மாவும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருப்போம், மறந்துவிடாதே. இதிலும் நீ அங்கிருந்தே உள்ளே வர வழி இருக்கிறதாம், கேட்டு வைத்துவிட்டேன். பழுது ஒன்றும் இல்லை. சும்மா வந்து அந்த அம்பைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் போ, கண்ணு.

உன் அப்பா