தேங்காய் நார்ச் சுருட்டை

8-2-1979, வியாழன்

பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஆப்பிரிக்கக் காட்டு நடனம் வைக்கிறார்களாம். பிள்ளைகளுக்கு முகத்தில் கரி, தலையில் தேங்காய் நாரில் செய்த சுருட்டை முடி, வாயில் ஓர் ஊளை. எல்லாம் சினிமாவைப் பார்த்துப் படித்தது. டீச்சர் என் மகள் மல்லிகாவின் தலையைத் தொட்டுச் சிரித்தார்.

"சேட்டா, உங்க மோளுக்குச் செலவே இல்லை. கரியும் வேண்டாம், நாரும் வேண்டாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆப்பிரிக்காக்காரங்களைப் பார்த்திருக்கீங்களா, டீச்சரே?"

"சினிமாவில எத்தனை தடவை!"

"துறைமுகத்துல என் சாயாக்கடைக்கு வந்து பாருங்க. கப்பல்ல இருந்து இஸ்திரி போட்ட சட்டையோட வர்றாங்க. சாயாவில சீனி போதலைன்னு என்னைத் திட்டறாங்க. ஒருத்தரும் ஊளையிட்டதில்லை. நம்மாளுங்கதான் அவங்களைப் பார்த்து ஊளையிடறாங்க."

மகள் ஆடமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். எட்டாவதோடு நின்றவனுக்கு இவ்வளவு பேச்சே அதிகம். வாசல் வரை வீரன். வெளியே வந்ததும் திரும்பிப் பார்க்காமல் கடைக்கு ஓடினேன்.

மகளின் சுருட்டை முடி என் சொத்து. என் தலையில் தங்காமல் அவளிடம் போய்விட்டது. கடைக்கு வரும் ஓர் ஆப்பிரிக்க மாலுமிக்கும் அதே முடிதான். அதிலேயே சீப்பைச் செருகிக்கொண்டு ராஜா மாதிரி நடப்பார்.

மல்லிகா தலையில் எண்ணெயைக் கொட்டி, ஈரத்துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். விடிந்தால் முடி நேராகிவிடுமாம். டீச்சரிடம் அவ்வளவு பேசிய வாய்க்கு, அந்தத் துண்டை அவிழ்க்கச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை.