மெம்பர் மிதிக்காத கரை

1931 பெப்ருவரி 3, செவ்வாய்

அவர் சட்டசபைக்குக் கொண்டுபோன நோட்டில் பாதிக்கு மேல் வெறுந்தாள். நாலாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணும். கோணட்டும். நான்தானே வாசிக்கப்போகிறேன்.

இன்று நெல் அவித்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று கை இன்னும் படிக்கவில்லை. அவர் கண்மூடி ஐம்பத்திரண்டு நாள்.

பெப்ருவரி 5, வியாழன்

வக்கீல் சத்தியராஜும், என் வீட்டுக்காரரின் தங்கை ராகேலும் வந்தார்கள். திவானுக்கு ஒரு மனு எழுதிக் கொண்டுவந்திருந்தார் வக்கீல்.

அவர் பென்ஷனைப் பற்றிய மனு. முப்பது வருஷம் மராமத்தில் ஓவர்சியராக வெயிலில் நடந்து வாங்கிய பென்ஷன் அது. பிறகுதான் சட்டசபை மெம்பரானார். குளத்துக்கரை வேலையில் காண்டிராக்டர் ராஜமணியிடம் கைக்கூலி வாங்கினார் என்று தீர்ப்பாகி மூன்று மாதம் ஜெயிலில் இருந்தார். பென்ஷனையும் நிறுத்திவிட்டார்கள். பென்ஷன் வாங்குகிறவன் கடைசிவரை நல்ல நடத்தையாக இருக்க வேண்டுமாம்.

அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை, சத்துருக்கள் மாட்டிவிட்டார்கள் என்று மனுவில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டால், என் காலம் வரைக்கும் ஏதாவது தருவார்களாம்.

நாளைக்கு ஆகட்டும் என்றேன்.

ராகேலுக்குக் கோபம். “எங்க அண்ணன் களவாணியா மைனி? ஊரு சொல்லுது. நீங்களும் சொல்லப் போறியளா?”

பெப்ருவரி 8, ஞாயிறு

கோயிலில் கடைசி பெஞ்சில் இருந்தேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை. கலியாணமான புதிதில் அவரோடு குளத்துக்கரையில் நடந்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு எட்டு வைப்பார், குதிகாலால் ஓங்கி மிதிப்பார், நின்று கேட்பார். “இஞ்ச உள்ளுக்குப் பொத்து இருக்கு, நேசம்” என்பார். வெட்டிப் பார்த்தால் நண்டு வளை இருக்கும்.

“கரையப் போட்டு இந்த மிதி மிதிக்கியளே, அது என்ன பாவம் செய்தது?”

“நான் மிதிக்கலேன்னா மழை மிதிக்கும் ஏட்டி.”

நனைந்த சப்பாத்தை அடுப்போரம் காயவைப்பேன். வீடு முழுக்கச் சேற்று வாசம் வரும். அப்போது அதை வைதேன்.

மார்ச் 15, ஞாயிறு

அறுப்புப் பண்டிகை. காணிக்கைச் சாமான் ஏலம் போட்டார்கள். காணிக்கை வாழையில் முதற்குலையை யாரோ ஏழு ரூபாய்க்கு எடுத்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஏலம். முதற்குலை கோயில் சபையில் பெரிய ஆளின் வீட்டுக்குத்தான் போக வேண்டும், அதுதான் வழக்கம். ராஜமணி விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டே போனார். இருபது, நாற்பது, அறுபது. என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். போதும் என்று நான் சொல்லியிருக்கலாம். “மெம்பர் இருக்கச்சில முதற்குலை வேற வீட்டுக்குப் போவுமா?” என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். நூற்றியொரு ரூபாய்க்கு முடிந்தது.

குலையைத் தோளில் ஏற்றிப் பாட்டுப் பாடிக்கொண்டு வீடுவரைக்கும் கொண்டுவந்தார்கள். அவர் கறுப்புக் கோட்டில் வாழைக்கறை. பழுத்ததும் தெரு முழுக்கக் கொடுத்தேன். அந்த நாளைப்போல ஒரு நாள் எனக்கு இருந்ததில்லை.

ஏலப் பணத்தை உயிர்த்தெழுந்த பண்டிகைக்குள் கட்ட வேண்டும். மாதம் நாற்பது ரூபாய் பென்ஷன்காரர் எங்கிருந்து கட்டினார் என்று நான் கேட்டேனா? ஏலத்தை ஏற்றிவிட்டதும் ராஜமணி. மறு வாரம் மடியில் பணத்தோடு வந்ததும் ராஜமணி.

மார்ச் 17, செவ்வாய்

கீழத்தெரு செல்லத்தாய் வந்தாள். ராஜமணி போட்ட குளத்துக்கரை மழையில் உடைந்த அன்று அவள் வயல் மணலுக்குள் போனது. பதினாறு பேர் வயல் அப்படிக் கிடக்கிறது, வரி மட்டும் வருஷம் தவறாமல் கேட்கிறார்கள். வரி தள்ளச் சொல்லி மனுக் கொடுத்தார்களாம். ‘மே ஒன்றாம் தேதி மெம்பரே நேரில் பார்த்து, கரை பலமென்று எழுதியிருக்கிறார். கைக்கூலி வழக்கு வேறு, கரை வேறு. உடைந்தது தெய்வச் செயல்’ என்று பதில் வந்ததாம்.

“அண்ணைக்கு மெம்பர் கரைக்கு வந்தாவளா? நாங்க ஆரும் காணல்ல. நீங்க ஒரு சாட்சி எழுதித் தந்தா வரியத் தள்ளுவாவ.”

நான் அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

“நாங்களும் அந்தப் பழம் தின்னோம் மெம்பரம்மா. நல்ல இனிப்பு” என்றாள். குத்திச் சொன்னாளா, சும்மா சொன்னாளா?

மார்ச் 18

அந்த மே ஒன்றாம் தேதி அவருக்குக் காய்ச்சல். வீட்டைவிட்டு இறங்கவில்லை. கஞ்சி கொடுத்தது நான். கட்டிலில் இருந்தே அந்தக் கடிதத்தை எழுதினார், மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டதும் நான்.

ஜெயிலிலிருந்து வந்த அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “வாங்கினது உண்மதான், நேசம். அத விடு. மிதிச்சுப் பாக்காம எழுதிட்டேன் பாத்தியா, அதுதான் தொண்டையில நிக்கி.”

மார்ச் 20, வெள்ளி

வக்கீலிடம் கேட்டேன். “அம்மா, அங்கே சாட்சி போட்டால் இந்த மனு செல்லாது. இரண்டில் ஒன்றுதான்” என்றார்.

ராகேல் அழுதாள். “செத்தவன திரும்பக் கொல்லுகியளே மைனி. நாளைக்குக் கஞ்சிக்கு என்ன செய்விய?”

தெரியவில்லை. ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன். ஆண்டவரே, உயிரோடு இருந்தால் அவர் என்ன செய்வார்? கோட்டுப் போட்ட மெம்பரைக் கேட்டால் ஒன்று சொல்வார். சேற்றுச் சப்பாத்தோடு வருகிற ஓவர்சியரைக் கேட்டால் வேறொன்று சொல்வார். நான் யாருக்கு வாழ்க்கைப்பட்டேன்?

மார்ச் 21

செல்லத்தாய் தாளில் கையெழுத்துப் போட்டேன். பெயர் கோணாமல் வந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

நேற்று உயிர்த்தெழுந்த பண்டிகை. ராகேல் என்னைக் கண்டு வேறு வாசல் வழியாக இறங்கிப் போனாள்.

வக்கீல் மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. வண்ணான் கணக்கு எழுதலாம்.

ஜூன் 9

மிஷன் ரேந்தை முறியில் லேஸ் தைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு என் வயதில் பாதி. ஊசி ஓட்டம் மறக்கவில்லை. கண்தான் தண்ணீர் விடுகிறது. நல்ல வேளை, அழுகிறேன் என்று யாரும் நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 24, திங்கள்

பதினாறு வயலுக்கும் மணல் நீங்கும் வரைக்கும் வரி தள்ளி உத்தரவு வந்துவிட்டது. இரண்டு வருஷமாக யாரும் இறங்காத வயலில் இன்று காலையில் ஆணும் பெண்ணுமாக மணல் சுமந்தார்கள். நான் வேலைக்குப் போகிற வழி அதுதான். தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

“ஏ மெம்பரம்மா! ரேந்தை தைக்கப் போறியளா, மண்ணு சுமக்க வாறியளா?” செல்லத்தாய்தான். பெண்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு கடவப்பெட்டி மணல் சுமந்துவிட்டுத்தான் போனேன். சேலையில் மணல் இருப்பதை டீச்சரம்மா கண்டுவிட்டு, வெள்ளைத்துணி அழுக்காகும், வெளியே போய் உதறிவிட்டு வா என்றார்கள். போய் உதறிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.