தவறணையில் நீ பேசிய அமெரிக்கத் தமிழ்

கோத்தகிரியிலிருந்து உன் மகன் எழுதிய கடிதம் இன்று காலை வந்தது. கவருக்குள் உன் படம். மீசை நரைத்திருக்கிறது, பொய் சொல்லப்போகும் அந்த முகம் மட்டும் அப்படியே. போய்விட்டாயாம். இதையாவது நீயே வந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று படத்தைத் திட்டினேன்.

எண்பத்திரண்டில் தெஹியோவிட்ட கள்ளுத் தவறணைக்கு டீவி வந்தது. வாரத்தில் ஒரு மாலை அமெரிக்கச் சிரிப்பு நாடகம். கதை முழுக்க ஒரு சாராயக்கடைக்குள்ளேயே நடக்கும். அவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நாம் குடித்தோம். தோட்டத்துத் துரை பங்களாவில் இரண்டு வருடம் அப்புவாகச் சமைத்தவன் என்பதால் நீதான் மொழிபெயர்ப்பாளன். உன் ஆங்கிலம் சூப்போடும் புடிங்கோடும் சரி என்று எனக்குத் தெரியும். காட்டிக்கொடுக்கவில்லை, எனக்கு அதுவும் தெரியாதே.

"மொட்டத்தலையன் சொல்றான், பொண்டாட்டி வெளக்கமாத்தால வெளுத்துட்டாளாம், சீக்கிரம் ஊத்துங்கிறான்!" பெட்டிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும் இடம் பார்த்து நிறுத்துவாய். "மொக்கத கியன்னே?" என்று முதலாளி கேட்டால், அதையே சிங்களத்தில் இன்னும் கொஞ்சம் அசிங்கமாகச் சொல்வாய்.

தோட்டத்தில் சிலருக்கு இந்தியா, சிலருக்கு இலங்கை என்று குடியுரிமை பிரித்து, இந்தியா விழுந்தவர்களைக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் திரையில் ஒரு தடியன் கிளாசைப் பார்த்தபடி ஏதோ பேசினான். நீ உன் கிளாசைக் கீழே வைத்தாய்.

"இவன் சொல்றான்... இந்தியா பாஸ்போட் வந்திருச்சாம். வெள்ளிக்கெழம புள்ளகுட்டியோட கெளம்புறானாம். யாருக்கிட்டயும் சொல்ல வாய் வரலியாம்."

பெட்டி விழுந்து விழுந்து சிரித்தது. பெட்டி மட்டும்தான். அமெரிக்காக்காரனுக்கு எதற்கு இந்தியா பாஸ்போர்ட் என்று ஒருவரும் கேட்கவில்லை. முதலாளியும் அன்று மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. சொட்டுச் சொட்டாக அளக்கும் மனிதர், உன் கிளாசில் அளக்காமல் ஊற்றினார்.

"அந்தத் தடியன் பக்கத்துல இருக்கிறவன் என்னடா சொல்றான்?" என்றேன்.

"நீ சொல்லு மச்சான். எனக்கு வெளங்கல."

என் வாய் சும்மா இருக்குமா? "போறவன் எடத்துல இனி நான் காலை நீட்டி ஒக்காருவேன்னு சொல்றான்" என்றேன். தவறணையே சிரித்தது. நீயும் சிரித்தாய், கொஞ்சம் தாமதமாக. வெள்ளிக்கிழமை அவிசாவளை பஸ்ஸில் உன்னை ஏற்றிவிட வந்தபோதும் ஏதோ பகிடிதான் விட்டேன். 'போகாதடா' என்ற ஒரு வார்த்தைக்கு அவ்வளவு வெட்கம்.

அதன் பிறகு பகிடி எழுதி மேடையில் சொல்லியே வயிறு வளர்த்துவிட்டேன். நாலு பேர் சிரிக்கும்போது எனக்கு இன்னும் பெருமை வருவதில்லை. எவனாவது தாமதமாகச் சிரிக்கிறானா என்று முகம் முகமாகப் பார்க்கிறேன். அப்படி ஒருவன் தென்பட்டால், பகிடியை அந்தரத்தில் விட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.