ஆளுக்கு ஒரு மடி

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ நலமா? அப்பாவின் முட்டிவலி தேவலையா? நேற்று நடந்ததை ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதப் போகிறேன். நீ கவலைப்படக் கூடாது.

என் அறைத்தோழி குண்டூசியைப் பார்க்க அவள் அப்பா, அம்மா காரில் வந்தார்கள். விடுதியில் அனுமதி வாங்கி, கடலோரச் சாலையில் நாள் முழுக்க என்னையும் கூட்டிப் போனார்கள். அலை பாறையில் மோதிக் கார்க் கண்ணாடிவரை தெறித்தது. ஆனால் நான் கடலைச் சரியாகப் பார்க்கவில்லை. குண்டூசிக்குக் கார்ப் பயணம் ஒத்துக்கொள்ளாது. பின்சீட்டில் எங்கள் நடுவில் இருந்த அவள் அம்மா அவளை மடியில் சாய்த்து, நெற்றியைத் தடவிக்கொண்டே வந்தார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது.

கலங்கரை விளக்கம் தாண்டியதும், "ஆன்ட்டி, எனக்கும் குமட்டுது" என்றேன். சுத்தப் பொய்.

"அடடா, வா கண்ணு" என்று என்னையும் சாய்த்துக்கொண்டார்.

குண்டூசி துள்ளி எழுந்தாள். "ஓடுற பஸ்ல புத்தகம் படிக்கிறவம்மா இவ! நடிக்கிறா!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். தெரிந்துவிட்டது. "நடிச்சா நடிச்சிட்டுப் போறா. ரெண்டு தொடை இருக்குல்ல? ஆளுக்கொண்ணு. படுடி."

திரும்பி வரும்வரை நாங்கள் இருவருமே கடலைப் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் வரும்போது எண்ணெயும் பெரிய பல் சீப்பும் கொண்டு வா. என் தலை சிக்காகிக் கிடக்கிறது. குண்டூசியும் தலையை நீட்டுவாள். வாரிவிடு, ஆனால் எனக்கு முடித்த பிறகுதான். அதுவும் அவளுக்கு ஒற்றைப் பின்னல் போதும்...

காப்பாளர் விளக்கை அணைத்துவிட்டார்.