மாமியின் விரதமும் என் கீட்டோன் பானமும்

கந்தசஷ்டி ஐந்தாம் நாள், இரவு

பட்டினி கிடந்தால் உடம்பு தானாக உண்டாக்கும் கீட்டோன் என்ற பொருள் கலந்த பானத்தை இன்றும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடித்தேன். சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள பெண்களின் இருதயத்துக்கு அது உதவுமா என்று ஆஸ்பத்திரியில் ஆய்வு செய்கிறார்கள். உதவும் என்று அவர்களே இன்னும் சொல்லவில்லை. இருந்தும் சேர்ந்துவிட்டேன்.

என் மாமியார் அதைப் பிள்ளை தங்குவதற்கான மருந்து என்று நினைத்திருக்கிறார். இன்று கோயிலுக்குப் போகும் பஸ்ஸில், முன்சீட்டுத் தமிழ் அம்மாவுக்கும் அதைச் சொல்லத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமி, அது பிள்ளைக்கில்லை. என்ர இருதயத்துக்கு. இந்த நீர்க்கட்டி வருத்தம் இருந்தா பிறகு ஹார்ட்டும் பழுதாகலாமாம்."

"நான் பிள்ளைக்கெண்டெல்லோ நினைச்சனான்."

பிறகு கோலியர்ஸ் வுட் நிறுத்தத்தில் இறங்கும் வரைக்கும் அர்ச்சனைத் தட்டிலிருந்த பழங்களை அடுக்குவதும் கலைப்பதுமாக வந்தார். எனக்குப் பிள்ளை வேண்டுமென்று ஐந்து நாளாகப் பகலில் ஒன்றும் சாப்பிடாமல், இரவில் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருக்கிற மனுஷி. நான் இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

கோயிலில் மாமி அர்ச்சனைத் தட்டை நீட்ட, ஐயர் வழக்கம்போல் கேட்டார். "பிள்ளைப் பாக்கியத்துக்குத்தானே அம்மா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இல்லை ஐயா," என்றார் மாமி. "மருமகளின்ர சுகத்துக்குச் செய்யுங்கோ. அவள் நெடுக நல்லா இருக்கவேணும்."

என் பெயரையும் நட்சத்திரத்தையும் அவரே சொன்னார்.

அடுத்த அறையில் அவர் தூக்கம் வராமல் புரண்டு படுக்கிறார். இன்று அவர் பட்டினி கிடப்பது எனக்காக.