ஐப்பசியில் பூத்த டிசம்பர் பூ

டீச்சர்,

இன்று காலை தஞ்சாவூர் பூச்சந்தையில் டிசம்பர் பூவைக் கூறு வைத்திருந்தார்கள். அந்த ஊதா நிறத்தைப் பார்த்ததும் கால் நகரவில்லை. வாங்கவும் மனம் வராமல் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

நீங்கள் சீர்காழியிலிருந்து எங்கள் ஊர்ப் பால்வாடிக்கு வேலைக்கு வந்தீர்கள். அங்கே பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறவள் நான். புது ஆட்சி வந்தும் கூலித் தகராறு தீராத காலம். குறுவை அறுப்புக்கு மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கியதைத் தடுத்தார்கள் என்று எங்கள் தெருவில் ஏழு பேரைப் போலீஸ் கொண்டுபோனது. வசந்தாவின் அப்பாவும் அதில் ஒருவர். ஐந்து வயதுப் பிள்ளை, கஞ்சியைத் தொடாமல் அழுதாள். வேலியோர டிசம்பர் பூச்செடியைக் காட்டி, "மார்கழியில இது பூக்கும் பாரு, அப்ப அப்பா வந்துடுவாரு" என்றீர்கள். அதற்குள் ஜாமீன் கிடைத்துவிடும் என்று நீங்களும் நம்பினீர்கள்.

அந்த வருடம் செடி ஐப்பசியிலேயே பூத்துவிட்டது. வசந்தா ஒரு பூவைப் பறித்துக்கொண்டு வாய்க்கால் மதகுக்கு ஓடினாள். மூன்று நாள், பகல் முழுவதும், மழையிலும், பஸ் வரும் பாதையைப் பார்த்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் பிள்ளைகளையெல்லாம் செடியருகே கூட்டிப்போனீர்கள்.

"செடிக்கு மாசம் தெரியாது. பகல் சுருங்கி, குளிர் தட்டினா பூக்கும். இந்த வருஷம் மழையும் குளிரும் முந்திடுச்சு. அவ்வளவுதான்."

"அப்ப பூ பொய் சொல்லிடுச்சா டீச்சர்?" என்றாள் வசந்தா.

நீங்கள் அவள் முன்னால் சேற்றில் மண்டியிட்டீர்கள். "பூ ஒண்ணும் சொல்லல கண்ணு. நாந்தான் பொய் சொன்னேன். அப்பா எப்ப வருவாருன்னு எனக்குத் தெரியாது."

அவள் உங்களை இரண்டு கையாலும் அடித்தாள். அடிக்க விட்டீர்கள்.

அவர் வரவேயில்லை. கார்த்திகையில் சிறையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். வெளியூர் போயிருப்பதாகப் பிள்ளையிடம் சொல்லிவிடலாம் என்றாள் தாய். நீங்கள் ஒப்பவில்லை. தாயையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வசந்தாவிடம் உள்ளதைச் சொன்னீர்கள். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

சென்ற ஆண்டு, நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்: "டாக்டர் என்ன சொன்னாரு? மறைக்காம சொல்லு."

"பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிடலாம் டீச்சர்."

நீங்கள் கையை விலக்கிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகும் பதினோரு நாள் உயிரோடு இருந்தீர்கள். தினமும் வந்தேன். தலை வாரிவிட்டேன், கஞ்சி ஊட்டினேன். அது பொய் என்று மட்டும் சொல்லவில்லை.